பீச் பழம் வந்த வழி



சென்ற ஆண்டின் பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவுக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு பேரங்காடியின் பழப் பகுதியில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஆப்பிளையும் ஆரஞ்சையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் ஒரு தட்டில், மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில், கன்னத்துப் பூமயிர் போல மெல்லிய சுணை படர்ந்த பழங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு மாணவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன பழம்? நம்ம தோட்டத்துல இது ஏன் காய்க்கிறதில்ல?" என்று கேட்டாள். உடன் இருந்த மாணவன், "கொட்டைய நட்டா முளைக்காதா சார்?" என்றான்.

அது பீச் பழம் என்று பெயரைச் சொல்லிவிட்டோம். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அன்று எங்களால் அரைகுறையாகவே விடை சொல்ல முடிந்தது. ஆளுக்கொரு துண்டு கிடைக்கும்படி சில பழங்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம். கேள்வி கேட்ட மாணவன் ஒரு கொட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதையும் கவனித்தோம். அந்தக் கொட்டை என்ன ஆயிற்று என்பதைப் பேச்சின் முடிவில் சொல்லுவோம்.

பீச் பழம் எந்த மாதங்களில் கிடைக்கிறது? எந்த நாடுகளில் விளைகிறது? நம் நாட்டில் ஏன் விளைவதில்லை? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தப் பழத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆகவே இன்று அந்த வரலாற்றைக் காண்போம்.

முதலில் பழத்தை அறிந்துகொள்வோம். பீச் மரம் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாதுமை, பிளம், ஆப்ரிகாட் ஆகியவை இதற்கு நெருங்கிய உறவு. மரம் மிக உயரமாக வளர்வதில்லை. இலை வருவதற்கு முன்பே இளஞ்சிவப்பு மலர்கள் கிளை நிறையப் பூக்கும். பழத்தின் நடுவே ஆழமான வரிகளும் குழிகளும் உடைய கெட்டியான கொட்டை ஒன்று இருக்கும். தமிழில் இதனைக் குழிப்பேரி என்றும் எழுதுவார்கள். இருந்தாலும் பீச் என்னும் பெயரே நம்மிடம் வழங்குகிறது. தகர டின்னில் சர்க்கரைப் பாகில் ஊறிய மஞ்சள் துண்டுகளாகவும் நம்மில் பலர் இதைக் கண்டிருக்கலாம்.

இந்தப் பழத்தின் தாயகம் சீனா. தென்மேற்குச் சீனத்தின் குன்மிங் நகருக்கு அருகே பூமியைத் தோண்டியபோது, ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பீச் கொட்டைகள் கல்லாக மாறிய நிலையில் கிடைத்தன. மனிதன் அந்நாட்டில் குடியேறுவதற்கு முன்பே அந்த மரம் அங்கே இருந்திருக்கிறது. கிழக்குச் சீனத்தில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த பழைய ஊர்களின் மண்ணடுக்குகளில் கிடைத்த கொட்டைகள், சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் நல்ல பழம் தரும் மரங்களைத் தேர்ந்து வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் காட்டுகின்றன. நெல் விளைந்த அதே ஆற்றங்கரையில்தான் பீச்சும் விளைந்தது.

இவ்வளவு நீண்ட பழக்கம் இருப்பதால் சீனர்களின் வாழ்க்கையில் இந்தப் பழம் ஊறிப்போயிருக்கிறது. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம் சீன அண்டை வீட்டார் முதியவர்களின் பிறந்த நாளில், முனையில் சிவப்புச் சாயம் தடவிய கூம்பு வடிவ மாவுப் பண்டம் வைத்துப் படைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பீச் பழத்தின் வடிவம். நீண்ட ஆயுளுக்கு அது அடையாளம். மூவாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை கனியும் தேவலோகத்துப் பீச் பழத்தைக் குரங்கு அரசன் திருடித் தின்ற கதையும் அவர்களிடம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் நெடுங்கதையில் அது வருகிறது. அந்தக் கதையில் குரங்கு அரசன் ஒரு துறவிக்குத் துணையாக இந்தியாவுக்கு நடக்கிறான். அந்தத் துறவி கற்பனைப் பாத்திரமல்லர். நம் பாடநூல்களில் யுவான் சுவாங் என்று படிக்கிறோமே, அவரேதான்.

யுவான் சுவாங் கி.பி. 629ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து புறப்பட்டு, 645இல் திரும்பினார். இந்தியாவெங்கும் சுற்றிய அவர், 640ஆம் ஆண்டை ஒட்டிப் பல்லவர்களின் காஞ்சிபுரத்துக்கும் வந்தார். பீச் பழம் இந்தியாவுக்கு வந்த கதையை அவர்தான் எழுதி வைத்திருக்கிறார். கனிஷ்க மன்னன் காலத்தில், அதாவது கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில், சீனத்தின் மேற்கு எல்லையிலிருந்த சிற்றரசர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிணையாக அவனிடம் அனுப்பினார்கள். அவர்களைக் கனிஷ்கன் மரியாதையாக வைத்திருந்தான். குளிர்காலத்தில் அவர்கள் தங்கிய பஞ்சாப் பகுதிக்குச் சீனபுக்தி என்று பெயர் ஏற்பட்டது. அதற்கு முன் அந்நாட்டில் இல்லாத பீச்சையும் பேரிக்காயையும் அவர்களே கொண்டுவந்து நட்டார்களாம். அதனால் அவ்வூரார் பீச்சைச் 'சீனானி' என்றும், பேரிக்காயைச் 'சீன ராஜபுத்திரன்' என்றும் அழைத்தார்கள் என்று யுவான் சுவாங் குறிக்கிறார்.

இதற்கும் முன்பே மலைப்பாதை வழியாகப் பீச் காஷ்மீரத்துக்கு வந்திருக்க வேண்டும். அங்குள்ள மிகப் பழைய குடியிருப்புகளிலும் அதன் கொட்டைகள் கிடைத்துள்ளன. ஆனாலும் யுவான் சுவாங் சொல்லும் கதை நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. பிறந்த மண்ணைவிட்டு வேறு நாட்டில் வாழ நேர்ந்தவர்கள், தங்கள் ஊர் மரத்தைக் கூடவே கொண்டுபோகிறார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது முருங்கையையும் கறிவேப்பிலையையும் வேம்பையும் கொண்டுவந்து லயத்துப் பின்புறம் நட்டார்கள் அல்லவா? அதே மனம்தான் அந்தப் பிணைப் பிள்ளைகளுக்கும் இருந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பஞ்சாப்வரை வந்த பீச், யுவான் சுவாங் கால்நடையாகவே போய்ச் சேர்ந்த காஞ்சிபுரத்துக்கு ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே இப்படி இருக்க, மேற்கே பீச் பாரசீகத்துக்குச் சென்று, அங்கிருந்து கிரேக்கருக்கும் ரோமருக்கும் அறிமுகமாயிற்று. பாரசீகத்திலிருந்து வந்ததால் ரோமர் இதைப் பாரசீக ஆப்பிள் என்றே அழைத்தார்கள். 'பெர்சிகா' என்னும் அந்த இலத்தீன் சொல்தான் பிரெஞ்சு மொழி வழியாகத் தேய்ந்து 'பீச்' ஆனது. செடிகொடிகளுக்கு அறிவியற் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸும் 1753இல் 'பெர்சிகா' என்னும் சொல்லையே இதன் பெயரில் சேர்த்தார். இதன் உண்மையான தாயகம் சீனா என்பது பின்னரே உறுதியாயிற்று. வந்த வழியைப் பிறந்த இடமாக எண்ணிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இதை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பியக் குடியேறிகளுடன் இது சென்றது.

இந்த நாடுகளை உலகப் படத்தில் குறித்துப் பாருங்கள். சீனா, காஷ்மீர், பாரசீகம், இத்தாலி, ஸ்பெயின், கலிபோர்னியா ஆகியவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே. சிலி, தென்னாப்பிரிக்கா, தென் ஆஸ்திரேலியப் பகுதிகள் தெற்கே. நடுவில் நாம் இருக்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள வெப்ப நாடுகளின் சமவெளியை மட்டும் இந்த மரம் ஒதுக்கிவிட்டது. காரணம் என்ன?

காரணம் உறக்கம். கோடையின் முடிவில் பீச் மரம் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகளை உண்டாக்கிச் செதில்களால் மூடி வைத்துக்கொள்கிறது. குளிர் வந்ததும் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கிவிடும். நடுக்குளிர்காலத்தில் ஒரு நாள் வெயில் அடித்தது என்பதற்காக அது விழித்துக்கொண்டால், மறுநாள் உறைபனியில் மொட்டெல்லாம் கருகிப்போகும். அதனால் இத்தனை மணி நேரம் குளிர் பட்ட பிறகே விழிப்பது என்று மரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணியும் அந்தக் கணக்கில் சேரும். நம் தோட்டத்துக் கிராணி செக்ரோலில் பேர் பதிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வகைக்கு ஏற்ப 200 மணியிலிருந்து 1,000 மணிவரை இந்தக் குளிர் வேண்டும். கணக்கு நிறைந்த பின் வெயில் ஏறினால் கிளை முழுவதும் ஒருசேரப் பூக்கும். நிறையாவிட்டால் மொட்டுகள் உதிர்ந்துபோகும். அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து வீணாகும்.

காஞ்சிபுரத்துக்குப் பீச் போகாததன் காரணம் இப்போது விளங்கும். அங்கே அது உறங்குவதற்குக் குளிர் இல்லை.

இந்த உண்மையைத் தமிழர் வாழும் மலைகளில் ஆங்கிலேயர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி மலைமேல் ஏறினார். சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் கல் வீடு கட்டிக் குடியேறி, உருளைக்கிழங்கு முதலிய காய்கறிகளையும், ஆப்பிள், பீச் போன்ற பழமரங்களையும் வரவழைத்து நட்டார். உதகையில் தை மாதத்து விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும். அதனால் அங்கே பீச் பிழைத்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குறைந்த குளிர் போதுமான வகைகள் இன்றும் வளர்கின்றன. கோடை மாதங்களில் அவ்வூர்ச் சாலையோரங்களில் பிளம் பழத்தோடு பீச்சும் விற்பனைக்கு வரும். 1874இல் அமைந்த குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதத்தில் நடக்கும் பழக் கண்காட்சியும் பெயர் பெற்றது.

இலங்கையில் வேறு விதமாக நடந்தது. நுவரெலியாவின் குளிரை நம்பி ஆங்கிலேயர்கள் அங்கே பீச்சும் செர்ரியும் நட்டார்கள். மரங்கள் செழித்து வளர்ந்தன. ஆனால் இலை உதிர்க்கவே இல்லை. ஆண்டு முழுவதும் பச்சையாகவே நின்றன. இலங்கை அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் இதை விளக்கியுள்ளார். குளிர்கால ஓய்வு கிடைக்காமல், இடைவிடாது வளர்ந்து களைத்துப்போன மரங்கள் பழத்தைக் கனியவைக்க மறுத்துவிட்டன என்பது அவர் கருத்து.

அதே நூலில் யாழ்ப்பாணத்துச் செய்தி ஒன்றும் இருக்கிறது. அங்கு அரசாங்க அதிபராக நெடுங்காலம் இருந்த டைக் துரையின் தோட்டத்தில் ஐரோப்பிய திராட்சைக் கொடிகள் இருந்தன. அவையும் உறங்க வழியின்றிப் பிஞ்சிலேயே உதிர்ந்துகொண்டிருந்தன. குளிரால் வரும் ஓய்வை வெயிலால் வரவழைக்க முடியாதா என்று டைக் எண்ணினார். கொடியின் வேரைச் சுற்றி மண்ணைப் பறித்து, கடும் வெயிலில் வேர்களைக் காயவிட்டார். சாறு ஓட்டம் நின்று கொடி ஓய்ந்தது. பிறகு மண்ணை மூடியபோது நல்ல பழம் பிடித்தது. குளிர் இல்லாத ஊரில் வறட்சியும் ஒரு மரத்தை உறங்கவைக்கும் என்பது அதனால் தெரிந்தது.

இந்த இடத்தில் நாம் நம் தோட்டத்துக்கே திரும்பிவிடலாம். வறட்சியில் உறங்கும் மரத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து இலண்டனுக்கு எடுத்துச்சென்ற விதைகளிலிருந்து முளைத்த ரப்பர்க் கன்றுகளில் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அந்த மரம் தன் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் காய்ந்ததும் ரப்பர் இலைகள் செம்பு நிறமாகி உதிரும். நிரை முழுவதும் வானம் தெரியும். பிறகு இளந்தளிர் விடும். அதுவரை மங்கில் பால் குறைந்துவிடும். டுரியான்கூட சில வாரம் மழையின்றிக் காய்ந்த பின்னரே நன்றாகப் பூக்கும்.

இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்திய மறுநாள், மாணவன் ஒருவனின் பாட்டி எங்களைப் பார்க்க வந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். "மரம் எலையக் கொட்டுற நேரம் அது அசந்து தூங்குற நேரம் சார். அத நாம குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அது தூங்குனா எங்க அடுப்பும் சேந்து தூங்கிரும்" என்றார். வெட்டிய நாளுக்கும் கொண்டுவந்த பாலுக்கும் ஏற்ப கூலி கணக்கிடப்பட்ட காலம் அது. இலை உதிரும் மாதங்களிலும் அடைமழை மாதங்களிலும் கடைக்காரரிடம் கடன் ஏறும். அந்தக் கடனை அடைக்க அடுத்த சில மாதங்கள் போகும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் சீருடையையும் அந்த மாதங்களில்தான் தள்ளிப்போடுவார்கள். இதை நாங்கள் வகுப்பறையில் கண்ணால் கண்டிருக்கிறோம்.

மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது இயற்கை. அந்த ஓய்வின் செலவு முழுவதும் வெட்டுபவர் தலையில் விழுவது இயற்கையன்று. அது மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். 1954இல் தோன்றி, பின்னர் பெட்டாலிங் ஜெயாவிலேயே தலைமையகம் கொண்ட தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் மற்ற தொழிலாளர் அமைப்புகளும் மாதச் சம்பளம் வேண்டும் என்று நெடுங்காலம் கோரிவந்ததன் பொருள் இதுதான். 2013 ஜனவரி முதல் நாள் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்ப மலேசியாவுக்கு மாதம் 900 வெள்ளி என்று வரையறுக்கப்பட்டது. அதற்குள் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் ஆகிவிட்டன. பாட்டியின் வெட்டுக் காலமும் முடிந்துவிட்டது.

பெட்டாலிங் ஜெயாவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடமே என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைப்பதற்காக, எஃபிங்ஹாம் தோட்டம் என்னும் 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தில் 1950களின் தொடக்கத்தில் இந்நகரம் எழுந்தது. நாங்கள் பீச் பழம் பார்த்த ஊரின் மண்ணில், அதற்கு முன் ஆண்டுதோறும் ரப்பர் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

சரி, சமவெளியில் முடியாது. நம் கேமரன் மலையில் முடியாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேயிலையும் முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் அங்கே விளைகின்றனவே! ஆனால் நம் நாட்டு வானிலை நிலையங்களின் பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையாக உள்ளது, கேமரன் மலையில் 1978 பிப்ரவரியில் பதிவான 7.8 டிகிரி செல்சியசே. பீச் மரம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் குளிர் அதற்கும் கீழே தொடங்குகிறது. அதாவது, நம் நாட்டின் மிகக் குளிர்ந்த அந்த இரவில்கூட மரத்தின் செக்ரோலில் ஒரு பேர் விழுந்திருக்காது.

நம் அண்டை நாடுகள் வேறு வழிகளைக் கண்டன. வட தாய்லாந்தின் டோய் புய் மலையில் வாழும் மோங் மக்கள் அபினிப் பயிர் செய்துவந்தார்கள். 1969ஆம் ஆண்டளவில் அங்கு சென்ற மன்னர் பூமிபோல், அவர்கள் வீட்டருகே விளைந்த சிறிய நாட்டுப் பீச் பழம் அபினிக்கு ஈடான வருமானம் தருவதைக் கேட்டறிந்தார். நாட்டு மரத்தின் தண்டில் பெரிய பழ வகைகளை ஒட்டுக்கட்டும் ஆராய்ச்சிக்காக அவர் 2 இலட்சம் பாட் நன்கொடை அளித்தார். அந்தப் பணத்தில் உருவான பழத்தோட்டம் இன்றும் 'இரண்டு இலட்சம் தோட்டம்' என்றே தாய் மொழியில் அழைக்கப்படுகிறது. மலை மக்களை அபினியிலிருந்து மீட்ட அரச திட்டம் அப்படித் தொடங்கியது. ஜாவாவின் மாலாங் மலைப்பகுதியில் ஆப்பிள் பயிரிடுவோர், அறுவடைக்குப் பின் இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். இலை போனதும் மரம் மீண்டும் மொட்டு விடுகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1950களில் தொடங்கிய ஆராய்ச்சி, தென்சீனத்துப் பழைய வகைகளோடு கலந்து, சிறிதளவு குளிரே போதுமான பீச் வகைகளை உண்டாக்கியது. அவற்றில் சில இந்தியாவின் பஞ்சாபுக்கும் வந்தன. பிணையாக வந்த பிள்ளைகள் பீச் நட்டதாகச் சொல்லப்படும் அதே நிலத்துக்கு, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்குப் பிறகு, அது உலகத்தைச் சுற்றி மறுபடியும் வந்து சேர்ந்தது!

இப்போது பருவ காலத்துக்கு வருவோம். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நாடுகளில் மே முதல் செப்டம்பர்வரை பீச் பருவம். உலக விளைச்சலில் பாதிக்கு மேல் சீனாவில்தான். இந்தியாவில் பஞ்சாபில் ஏப்ரல் இறுதியிலேயே தொடங்கிவிடும். இமாசலப் பிரதேசத்தின் மலைகளில் ஜூன், ஜூலை. காஷ்மீரில் அதற்கும் பிறகு. தெற்கே ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சிலி ஆகிய நாடுகளில் நவம்பர் முதல் மார்ச்வரை. ஆகவே நம் கடைகளில் ஆண்டின் நடுவில் காணும் பழம் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தது. தீபாவளி கழிந்து சீனப் பெருநாள்வரை காணும் பழம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்தது. அந்தப் பருவங்களில் வாங்கினால் சுவையும் நன்றாக இருக்கும், விலையும் சற்றுக் குறைவாக இருக்கும். கல் போன்ற பழத்தை உடனே குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். காகிதத்தில் சுற்றி இரண்டொரு நாள் வெளியே வையுங்கள். மணம் வந்து தொட்டால் சற்று மிருதுவானதும் உண்ணலாம். கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைப் பிள்ளைகள் தின்ன விடக் கூடாது. அதில் நச்சுத்தன்மை உண்டு.

டின் பழத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். உணவை டின்னில் அடைக்கும் உரிமத்தை 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் என்பவர் பெற்றார். இரும்புத் தகடு துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் வெள்ளீயம் பூச வேண்டும். பீச் போன்ற வெளிர் நிறப் பழங்களின் நிறத்தையும் அந்த ஈயப் பூச்சு காக்கும். அந்த ஈயம் எங்கிருந்து போயிற்று? 1857இல் ஈயம் தேடி வந்த சீனச் சுரங்கத் தொழிலாளர்களால் தோன்றியதுதான் கோலாலம்பூர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை உலகில் மிக அதிகமாக ஈயம் எடுத்த நாடு நம் நாடே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஷெப்பர்ட்டன் ஊரில் 1917இல் தொடங்கிய எஸ்.பி.சி. போன்ற ஆலைகள் பீச்சை டின்னில் அடைத்துக் கப்பலேற்றின. கிள்ளான் பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து ஈயம் அயல்நாடு சென்றது. இந்த மண்ணில் உறங்க முடியாத மரத்தின் பழம், ஈயம் பூசிய டின்னில் இங்கே வந்தது.

இனி அந்த மாணவனின் கொட்டைக் கதை. லயத்துப் பின்னால் அதை நட்டு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். முளைக்கவில்லை. மற்ற பிள்ளைகள் கேலி செய்ததும் எங்களிடம் வந்து சொன்னான். பீச் விதைக்கும் முளைப்பதற்கு முன் குளிர் உறக்கம் வேண்டும் என்பதை அவனுக்கு விளக்கினோம். எங்களிடம் எஞ்சியிருந்த ஒரு கொட்டையை ஈர மணலில் வைத்து, எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் உறங்கவிட்டோம். எடுத்துப் பார்த்தபோது கொட்டை பிளந்து வெள்ளை வேர் ஒன்று எட்டிப் பார்த்தது.

அந்தக் கன்று இப்போது பள்ளித் தோட்டத்தில் முழங்கால் உயரம் இருக்கிறது. நீண்ட, நுனி கூர்ந்த இலைகள். அது பூக்காது, காய்க்காது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. டெனன்ட் கண்ட நுவரெலியா மரங்களைப் போல அதுவும் உறக்கமின்றிப் பச்சையாகவே நிற்கும். ஆனாலும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

சென்ற பிப்ரவரியில் பள்ளி வேலிக்கு அப்பால் மிஞ்சியிருக்கும் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. சருகுகள் காற்றில் வந்து அந்தக் கன்றைச் சுற்றிக் குவிந்தன. முதலில் கேள்வி கேட்ட மாணவி அவற்றைக் கூட்டிக்கொண்டே, "சார், இது தூங்குது, அது முழிச்சிருக்கு" என்றாள். ஒரு பாடம் முழுவதையும் அவள் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

நேயர்களே, அடுத்த முறை கடையில் பீச் பழத்தைக் காணும்போது உங்கள் பிள்ளைகளை நிறுத்தி, அது எந்த நாட்டுக் குளிரில் உறங்கி எழுந்த மரத்தின் பழம் என்று சீட்டைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, பால் வெட்டிய தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், நம் ரப்பர் மரம் உறங்கிய மாதங்களில் அவர்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவற்றில் முதலாவது புத்தகங்களில் கிடைக்கும். இரண்டாவது அவர்களிடம் மட்டுமே கிடைக்கும்.